பதினெட்டாவது செல்

கோதண்டராமன் நாசமாய்ப் போக என்று நினைத்துக்கொண்டேதான் பதிமூன்றாவது சோலார் செல்லை அளக்கிற பெட்டிக்குள் பித்தளைத் தட்டில் வைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, மனசுக்குள்தான். மனசுக்குள் அவன், வாயில் சார், பதினோரு மாதமாக இப்படித்தான் போகிறது. மணி இரண்டே கால். ஐந்துக்குள் முப்பத்தைந்து செல்லையும் அளந்து, எண் போட்ட தட்டில் வரிசையாக அடுக்கி, அடுத்த அறையில் பற்றவைக்கிற அமலோற்பவம் அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் ஒன்றோடு ஒன்றைக் கோத்து, மேலே கண்ணாடி போட்டுத் தந்தால் சின்ன சோலார் பலகை ஒன்று தயார், சிலேட்டை விடக் கொஞ்சம் பெரிது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதை அணைக்கட்டில் ஏற்றுவார்கள், நீர்மட்டம் அளக்கிற கருவிக்கு மின்சாரம் அதுதான் தர வேண்டும். பந்தல், நாற்காலி, மைக், தலைமை அலுவலகத்து ஆட்கள், நடுவில் கோதண்டராமன். விழா முடிந்ததும் இந்த நிலையத்துக்கே அவன்தான் இயக்குநர் என்று பேசிக்கொள்கிறார்கள். பேசிக்கொள்ளட்டும். என் மேஜையின் இடது இழுப்பறையில், தலைவலி மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி ஒரு செல் இருக்கிறது. ஒன்பது மாதமாக இருக்கிறது. அது இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அளக்கிற பெட்டியின் மூடியைச் சாத்தினேன், பொத்தானை அழுத்தினேன், உள்ளே விளக்கு எரிந்தது, திரையில் கோடு கொஞ்ச தூரம் மட்டமாகப் போய்த் தோள்பட்டை போல வளைந்து சரிந்தது, பக்கத்தில் ஐந்து எண்கள் வந்தன. நல்ல செல். அதைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு, உறைச் சீட்டில் பென்சிலால் எண்களை எழுதிப் பதிமூன்றாம் குழியில் வைத்தேன்.

அந்த ஐந்து எண்களும் என்னுடையவை. என் கணக்கு. எல்லோரும் செல்லை வாட் பார்த்துப் பிரிப்பார்கள், சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து எடுக்கிற மாதிரி. ஒரே வாட் காட்டுகிற இரண்டு செல்லுக்கு உள்ளே குணம் வேறாக இருக்கும் என்று இங்கே முதலில் சொன்னவள் நான். வெளிச்சத்தில் எவ்வளவு மின்னோட்டம் பிறக்கிறது, எவ்வளவு ஓரத்தில் கசிகிறது, எவ்வளவு உள்தடையில் வீணாகிறது, இன்னும் இரண்டு, ஆக ஐந்து எண் தெரிந்தால் போதும், காலை வெயிலில் அது என்ன செய்யும், சித்திரைச் சூட்டில் என்ன செய்யும், மழை மூட்டத்தில் என்ன செய்யும் என்று செல்லைக் கேட்காமலே கணினியைக் கேட்டுச் சொல்லிவிடலாம். பெரிய செல்லை வெட்டிச் சின்னத் துண்டாக்குகிறோம், ஒரு தீப்பெட்டி நீளம், அப்பளம் மாதிரி ஒடியும், வெட்டுகிறபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அடிபடும், அதனால் ஒவ்வொன்றையும் தனியாக விசாரிக்காமல் சேர்க்கக் கூடாது. முப்பத்தைந்தும் ஒரே வரிசையாகக் கோக்கப்படுவதால் ஒரே மின்னோட்டம்தான் எல்லாவற்றின் வழியாகவும் போக வேண்டும். இருப்பதிலேயே நோஞ்சான் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் மொத்தப் பலகைக்கும். முப்பத்துநான்கு பேர் ஓடத் தயாராக இருந்தாலும் ஒருத்தி நொண்டினால் எல்லோரும் நொண்ட வேண்டும். இதையெல்லாம் ஆறு வருடம் உட்கார்ந்து எழுதினேன். கதவில் என் பெயர்ப் பலகை இருந்தது, மங்கையர்க்கரசி, வடிவமைப்பு. இப்போது கதவு இருக்கிறது, பலகை இல்லை, ஆணி அடித்த இரண்டு ஓட்டை இருக்கிறது. நான் அளக்கிற மேஜைக்கு வந்துவிட்டேன். பதினான்கு. நல்ல செல். விளக்கு அணைந்த பிறகும் கண்ணுக்குள் கொஞ்ச நேரம் பச்சையாக ஒரு சதுரம் நிற்கும், அதற்குள் எனக்கு எப்போதும் அந்தக் கடிதம்தான் தெரிகிறது.

"இது முழுக்க என் கவனக்குறைவால் நேர்ந்தது." கடைசி வரி. அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். 'முழுக்க' என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன், அவன் விரலை வைத்து, "இங்க முழுக்கன்னு சேர்த்துக்கோங்க மங்கை, அப்பதான் மேல கேள்வி வராது" என்றான், அன்பாக, தங்கைக்குச் சொல்கிற மாதிரி. சேர்த்தேன். ஏன் சேர்த்தேன்? பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். முகத்தில் வீசியிருக்கலாம். கை எழுதிவிட்டது. கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது, அன்றைக்கு வீட்டில் அதே கையால் சாம்பாருக்கு உப்புப் போட மறந்துபோனேன், "விட்டுத் தள்ளு, சம்பளம் வருதுல்லா" என்றார் என் வீட்டுக்காரர். விட்டுத் தள்ளுவதற்கு அது என்ன செருப்பா? போன புரட்டாசியில் வேறோர் அணையில் இதே மாதிரி விழா. நான் தேர்ந்தெடுத்த முப்பத்தைந்து. இங்கே விளக்கின் கீழே நானூறு மில்லி ஆம்பியர் காட்டிய பலகை, அங்கே நல்ல வெயிலில், ஒரு துண்டு மேகம் இல்லாத வானத்தின் கீழே, இருநூற்று நாற்பதில் நின்றது. பேட்டரிக்கு அது போதாது. எல்லோரும் மீட்டர் முள்ளையே பார்த்தார்கள். கோதண்டராமன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி, "வானம் சுத்தமா இருக்கு, பேட்டரி புதுசு, வயரு புதுசு. அப்ப செல்லுதான? செல்லு செலக்ட் பண்ணது யாரு?" என்றான். யாரு என்று அவனுக்குத் தெரியாதா? நான் அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மைக்கில் கேட்டான். பந்தலில் இருந்த அறுபது எழுபது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காபி கொடுக்கிற ஆள்கூடத் தட்டோடு நின்று பார்த்தான்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பலகையைக் கழற்றி ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தார்கள், வழியெல்லாம் மழை, டிரைவர் துடைத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் விளக்கின் கீழே வைத்தால் நானூறு. ஒரு குறையும் இல்லை. ஓடிப்போய்ச் சொன்னேன், பைத்தியக்காரி, நல்ல செய்தி என்று நினைத்து ஓடினேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ராத்திரியோட ராத்திரியா செல்லை மாத்திட்டீங்களா?" என்றான். கண்ணாடி ஒட்டிய பலகையில் செல்லை மாற்ற முடியாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டான். தப்பு செய்தவள் என்பதோடு தப்பை மறைத்தவள் என்றும் ஆயிற்று, பிறகு கடிதம், பிறகு பெயர்ப் பலகை. பதினைந்து. இதன் கசிவு கொஞ்சம் அதிகம், ஆனால் எல்லைக்குள். அன்றைக்கு அணையில் மின்னழுத்தம் ஒழுங்காக இருந்தது, மின்னோட்டம் மட்டும் விழுந்தது. நோட்டில் அப்போதே குறித்திருக்கிறேன். கெட்டுப்போன செல் என்றால் இரண்டும் கொஞ்சமாவது ஆடியிருக்கும். வெளிச்சம் குறைந்தால்தான் ஒன்று மட்டும் விழும். வெளிச்சம் குறையவில்லை. நோட்டில் 'வெளிச்சம்?' என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன், அந்த வட்டத்தின் மேலேயே பேனாவால் சுற்றிச் சுற்றித் தாள் கிழிந்துவிட்டது. பதினோரு மாதம். குளிக்கும்போது, பஸ்ஸில், கோயிலில் சாமியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. சூரியன் பளிச்சென்று இருக்கிறது, பலகைக்கு மட்டும் எப்படி வெளிச்சம் குறையும்? புரியாமல் போகப் போகக் கோபம் பெரிதாகிறது. புரிந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது என்று தோன்றுகிறது, வந்திருக்கும் என்றும் தோன்றுகிறது.

பழி வாங்குவதில் எனக்குப் பொறுமை உண்டு. பத்தாம் வகுப்பில் சுடலைமுத்து என்று ஒருவன் ஆய்வுக்கூடத்துக் கால்வனோமீட்டரைக் கீழே போட்டு உடைத்துவிட்டு என்னைக் கைகாட்டினான். டீச்சர் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றினார். நான் அழவில்லை. தினமும் வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை வெல்லத்தூள் கொண்டுபோய் அவன் பையின் அடித்தையலில் போட்டேன். ஒரு வாரம், அவன் எந்த நோட்டைத் திறந்தாலும் எறும்பு. சட்டைக்குள் எறும்பு. பரீட்சை நடுவில் எழுந்து குதித்தான். இப்போதும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. மாத்திரை டப்பாவுக்குள் இருப்பதும் வெல்லத்தூள்தான். அந்தச் செல்லைப் பெரிய வெளிச்சத்தில் வைத்தால் பத்தரைமாற்று, நானூறு காட்டும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வெட்டும்போது ஓரத்தில் விழுந்த ஒரு கீறல், கண்ணுக்குத் தெரியாது, என் கணக்குக்குத்தான் தெரியும். மூட்டமான நாளில், மாலை வெயிலில், பிறக்கிற கொஞ்ச மின்சாரத்தையும் அந்தக் கீறல் குடித்துவிடும். வெள்ளிக்கிழமை விழாவில் கைதட்டுவார்கள், மாலை போடுவார்கள், இயக்குநர் நாற்காலி வரும். ஐப்பசியில் மழை பிடித்து நாலு நாள் சூரியன் வராமல் இருக்கும்போது பேட்டரி தீர்ந்து, கருவி வாயை மூடிக்கொள்ளும். அணை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அப்போது இயக்குநரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். முழுக்க என்ற சொல்லை அவன் தன் கையால் எழுதட்டும். அணைக்குக் கீழே பன்னிரண்டு ஊர் இருக்கிறது. இருக்கட்டும். மதகுக்காரர்கள் என்ன, கருவியையா நம்பிக்கொண்டிருப்பார்கள், போய்க் கண்ணால் பார்க்க மாட்டார்களா? பார்ப்பார்கள். ராத்திரியில் பார்ப்பார்களா? பன்னிரண்டில் ஒன்றில் அமலோற்பவம் அக்காவின் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. வாய்க்காலை ஒட்டின வீடு. இதை ஏன் இப்போது நினைக்கிறேன்? பதினாறு. பென்சில் முனை ஒடிந்துவிட்டது.

அக்கா கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள். "என்ன பிள்ள, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? மதியம் சாப்ட்டியா இல்லியா?" சாப்பிட்டேன் என்றேன். "அஞ்சு மணிக்குக் குடுத்துருவல்லா? நாளைக்குக் காலைல வந்ததும் பத்தவைக்கணும். நடுவுல மட்டும் நல்ல செல்லா வை. ஓரத்துல ஒண்ணு போனா வெட்டி எடுத்துரலாம், நடுவுல கை வச்சா பக்கத்துல நாலு போயிரும்." தெரியும் அக்கா. அதனால்தான் நடு. ஐந்து ஐந்தாக ஏழு வரிசை, சரியாக நடுவில் வருவது பதினெட்டாவது. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் பதினெட்டு. அங்கே வைத்தால் கண்டுபிடித்தாலும் எடுக்க முடியாது. "சரிக்கா" என்றேன், அவள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். ஒன்பது மாதமாக டப்பாவில் இருந்தபோது வராத பயம் இப்போது வருகிறது. செய்யப் போகிறேன் என்பதாலா, செய்யாமல் விட்டுவிடுவேன் என்பதாலா? பதினேழை அளந்தேன், எழுதினேன். இனிப் பதினெட்டு. வேலை சுலபம். பதினெட்டுக்கென்று நான் எடுத்து வைத்திருக்கிற நல்ல செல்லை அளக்க வேண்டும், இருநூறு செல்லில் அதுதான் ராணி, அதன் ஐந்து எண்ணையும் உறையில் எழுத வேண்டும், உறைக்குள் டப்பாவில் இருப்பதைப் போட வேண்டும். உறை ராணியுடையது, உள்ளே சனியன். இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இந்த ஏசி குளிரிலும் நெற்றி வேர்த்தது. ராணியைத் தட்டில் வைத்தேன். நெற்றியை ஒரு தேய் தேய்த்தேன், மூடியைச் சாத்தினேன், பொத்தான்.

குறைகிறது. ஆறு சதவீதம். ராணியா? போன வாரம் மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் ஒரே எண். மறுபடி பொத்தான், மறுபடி அதே ஆறு. மற்ற நாலு எண்ணும் அசையவில்லை, கசிவு அப்படியே, தடை அப்படியே, வெளிச்சத்தால் பிறக்கிற எண் மட்டும் இறங்கியிருக்கிறது. சூரியன் கொஞ்சம் மங்கின மாதிரி. விளக்கு பழுதா என்று மூடியைத் தூக்கினேன். கருநீலச் செல்லின் நட்டநடுவில் சிவப்பாக ஒரு வட்டம். என் பொட்டு. நெற்றியைத் தேய்த்தபோது கழன்று விழுந்த ஸ்டிக்கர் பொட்டு, பட்டாணி அகலம்கூட இல்லாதது. நகத்தால் எடுத்தேன், சாத்தினேன், அழுத்தினேன், ராணி மறுபடி ராணி. பொட்டு விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற நாலும் அசையவில்லை. வெளிச்சம் மட்டும். வெளிச்சம்? தாள் கிழிந்த வட்டம். மேகம் இல்லாத வானம். ஜீப், வழியெல்லாம் மழை, டிரைவர் துடைத்தார். எதைத் துடைத்தார்? புதிதாக எது வந்தாலும் கோதண்டராமன் சும்மா விடுவதில்லை. கணினி வந்தால் சந்தனம், ஜீப் வந்தால் சந்தனம், பேட்டரிக்குச் சந்தனம், கட்டை விரலால் அழுத்தி ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு வைத்து அதன் நடுவில் குங்குமம். அவனுக்கு நடு பிசகக் கூடாது, ஒற்றைக் கண்ணை மூடி அளவு பார்த்துத்தான் வைப்பான். செல்லின் அகலமே அந்த நாணயத்தளவுதான். நாணயத்தை விட்டால் மிச்சம் எவ்வளவு? நூற்றுக்கு அறுபது. நானூறில் அறுபது சதவீதம். நான் பென்சிலைத் தேடவில்லை, விரலால் மேஜையில் எழுதினேன், இருநூற்று நாற்பது.

எழுந்து போனேன். கால் தானாகப் போயிற்று, டப்பா மடியிலிருந்து விழுந்து உருண்டது, எடுக்கவில்லை. அவன் அறையில், அவன் நாற்காலிக்குப் பின்னால், சுவரில் அந்த விழாப் படம் மாட்டியிருக்கிறது. தினமும் காலையில் கையெழுத்துப் போடப் போகும்போது பார்க்கிறேன். கோதண்டராமன் சிரிக்கிறான், பக்கத்தில் பலகை. இந்தப் பக்கம் நின்ற என்னை வெட்டிவிட்டுச் சட்டம் போட்டிருக்கிறார்கள், என் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது, பச்சை ரவிக்கை. பதினோரு மாதமும் நான் என் முழங்கையைத்தான் பார்த்திருக்கிறேன். வெட்டிப் போட்டானே, வெட்டிப் போட்டானே என்று அதையே பார்த்துப் பார்த்து எரிந்திருக்கிறேன். பலகையை ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். நட்டநடுவில், பதினெட்டாவது செல்லின் மேல், மஞ்சளாகத் தடித்த சந்தனம், நடுவில் குங்குமம். கீழ் மூலையில் மீட்டர், முள் இருநூற்று நாற்பதில். அத்தனை பேரும் முள்ளைப் பார்த்தோம், என்னைப் பார்த்தார்கள், பொட்டை யார் பார்ப்பார்கள்? கல்யாணப் பெண்ணின் நெற்றியில் பொட்டு இருக்கிறது என்று யாராவது வாய்விட்டுச் சொல்வார்களா? அவன் தன் கையால் என் செல்லைக் குருடாக்கிவிட்டு, அதே கையில் மைக்கைப் பிடித்து, யாரு என்று கேட்டிருக்கிறான். அந்த அத்தாட்சியைச் சட்டம் போட்டுத் தன் தலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்போ அழுகையோ, இருமலாக மாற்றிக்கொண்டேன்.

"என்ன மங்கை, முடிஞ்சுதா?" என்றான், தலையைத் தூக்காமல். முடிந்துகொண்டிருக்கிறது சார் என்றேன். "இந்தத் தடவை கவனம். போன வருஷம் மாதிரி ஆச்சுன்னா என்னால உங்களைக் காப்பாத்த முடியாது, பாத்துக்கோங்க." காப்பாற்ற. இவன் என்னைக் காப்பாற்றினானாம். இப்போதே சொல்லிவிடலாம், படத்தைக் கழற்றி மேஜையில் போட்டு விரல் வைத்துக் காட்டலாம், நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும்? கதவைச் சாத்துவான். உட்காருங்க மங்கை என்பான். வெளிய தெரிய வேண்டாம், நமக்குள்ள இருக்கட்டும் என்பான். பந்தலில் எழுபது பேருக்கு முன்னால் போனது இந்த நாலு சுவருக்குள் எனக்குத் திரும்பி வராது. என் வாய் வேறொன்றைச் சொல்லிற்று. "சார், வெள்ளிக்கிழமை சந்தனம் குங்குமம் எல்லாம் நானே கரைச்சுக் கொண்டு வரட்டுமா?" அவன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். சந்தோஷம். அடங்கிவிட்டாள் என்கிற சந்தோஷம். "கொண்டு வாங்கம்மா, நல்லது. தண்ணியாக் கரைச்சிராதீங்க, வழிஞ்சிரும். போன தடவை நல்லா கெட்டியா இருந்துச்சு, அப்படியே நின்னுச்சு. இதுக்கும் நடுவுல நானே என் கையால வச்சிடறேன்." கெட்டியாகவே கரைக்கிறேன் சார் என்றேன்.

டப்பாவைக் குனிந்து எடுத்து, சனியன் பிடித்த செல்லைக் கழிவுப் பெட்டியில் போட்டேன். நான் நல்லவள் ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஐப்பசி வரைக்கும் யார் காத்திருப்பது? வாய்க்கால் ஓரத்து வீட்டில் அந்தப் பெண் நிம்மதியாகத் தூங்கட்டும். ராணியைப் பதினெட்டாம் குழியில் வைத்தேன். மிச்சப் பதினேழையும் அளந்தேன், ஒரு எண் பிசகாமல், இதற்கு முன்னால் இப்படி அளந்ததில்லை. மூட்டத்துக்கும் சூட்டுக்கும் சேர்த்துக் கணக்கை ஓட்டிப் பார்த்தேன், முப்பத்தைந்தும் ஒரே ஆள் மாதிரி நடந்தன. நடுவில் பயம் வந்தது, அன்றைக்கு அவன் கை கொஞ்சம் விலகிவிட்டால்? இரண்டு செல்லுக்கு நடுவில் விழும், இரண்டும் பாதிப் பாதி மங்கும், அப்போதும் முள் எண்பது இறங்கும், போதும். மழை பெய்தால்? விழாவைத் தள்ளி வைப்பார்கள், சந்தனத்தைத் தள்ளி வைக்க மாட்டான். மணி ஐந்துக்கு ஐந்து நிமிடம். தட்டை வாங்கிய அக்கா சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்து, "எல்லாம் ஒரே கருநீலமா இருக்கு பிள்ள, கண்ணு பட்டுரும்போல" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "எதுக்கு சிரிக்க? நெத்தில பொட்டக் காணும்?" விழுந்துட்டுதுக்கா என்றேன். விரல் நுனியிலிருந்து எடுத்து நெற்றியில் அழுத்தி ஒட்டிக்கொண்டேன், கண்ணாடி பார்க்காமலே நடுவில்தான் ஒட்டியது.

வெள்ளிக்கிழமை பச்சை ரவிக்கைதான் போட்டுக்கொள்வேன். கைப்பைக்குள் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து வைத்திருப்பேன். போன தடவை பொட்டு வைத்த பிறகுதான் மீட்டரை மாட்டினோம், இந்தத் தடவை நானே முன்னாலேயே மாட்டிவிடுவேன். முதலில் நானூறு காட்டும், கைதட்டுவார்கள். அவன் ஒற்றைக் கண்ணை மூடி, நடு பார்த்து, கட்டை விரலை அழுத்துவான். முள் விழும். நான் ஓரமாக நிற்பேன். தலைமை அலுவலகத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவன் வானத்தைப் பார்ப்பான், வயரைப் பார்ப்பான், பிறகு மைக்கை எடுப்பான். செல்லு செலக்ட் பண்ணது யாரு என்று கேட்கட்டும். இந்தத் தடவை என் பெயரையும் சொல்லட்டும், முழுப் பெயரும், மங்கையர்க்கரசி என்று, கடைசி நாற்காலிக்குக் கேட்கிற மாதிரி. அதுவரை நான் துடைக்க மாட்டேன்.